இறக்கை இல்லாத தேவதை, ரெண்டு ரூபாய்

சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்துவிட்டால் ஆதார், டிசி, காலேஜ் அப்ளிகேஷன் இதற்கெல்லாம் அடுத்தபடியாக என் மெஷினில் ஓடுவது கலரிங் படம்தான். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், கத்திரியில் பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது, போனையும் எவ்வளவு நேரம்தான் கொடுப்பது, அதனால் "அண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், பத்து பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். பையன் என்றால் கார், டைனோசர். பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம், ஃபேரி. சின்ன மூக்கு, பெரிய கண், முதுகில் தும்பி இறக்கை, கையில் நட்சத்திரம் ஒட்டின குச்சி. எத்தனை பேர் அனுப்பினாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

இந்தக் கலரிங் படமே வேண்டாம், பிள்ளைகளின் கற்பனையைக் கெடுக்கிறது, வெள்ளைத் தாளைக் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுசாகச் சொல்வதும் இல்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947லேயே இதைக் கடுமையாக எழுதிவிட்டார். யாரோ வரைந்த படத்துக்குள் நிறம் அடைத்துப் பழகிய பிள்ளைக்குத் தானாக வரைய வராது என்பது அவர் பக்கம். நான் படித்த ஆள் இல்லை, எதிர்த்துப் பேசும் தகுதியும் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன், அதில் உட்கார்ந்து கலர் அடித்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். வெள்ளைத் தாளைக் கொடுத்தால் "எனக்கு வரையத் தெரியாது மாமா" என்று திருப்பிக் கொடுக்கிற பிள்ளை, அரைகுறையாக ஒரு உருவம் இருந்தால் உடனே கிரேயானைத் தூக்கிவிடும். என் கணக்கில் படம் கெடுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் கெடுப்பதுதான் அதிகம். "கோட்டைத் தாண்டாதே. முடிக்குப் பச்சை அடிப்பாங்களா யாராவது? குடு, நான் அடிச்சுத் தரேன்." அப்புறம் அம்மாவே உட்கார்ந்து முழுப் படத்தையும் முடித்து, பிள்ளை வரைந்தது என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். பார்த்திருக்கிறேன், சிரிக்காமல் சில்லறை கொடுத்திருக்கிறேன்.

என் மகள் யூகேஜி. போன வருஷம் ஸ்கூலில் ஃபேரி படம் கொடுத்து வீட்டில் கலர் அடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இவள் டப்பாவில் இருந்த பிரவுனை எடுத்து முகம், கை, கால் எல்லாம் அழுத்தி அழுத்தி அடித்தாள், தாள் பின்பக்கம் மேடு தட்டுகிற அளவுக்கு. மூக்கின் இரண்டு பக்கமும் ரெண்டு மஞ்சள் புள்ளி. "இது யாரு?" என்றேன். "ஆயா." என் அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. ஆயா எதற்கு ஃபேரி ஆனாள் என்று கேட்டதற்கு, "ராத்திரில எனக்குக் கால் வலிச்சா ஆயாதானே வராங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கிரேயானைத் தேடப் போய்விட்டாள். மறுநாள் நோட்டு திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில் "யூஸ் ஸ்கின் கலர்".

ஸ்கின் கலர் என்றால் அந்த வெளிறிய பீச் நிறக் கிரேயான். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் கேட்கிறார்கள், "அந்த ஸ்கின் கலர் குடு". கேட்கிற கை ஒரு நிறம், வாங்குகிற கிரேயான் ஒரு நிறம். அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனிகூட அந்த நிறத்துக்கு ஒரு காலத்தில் சதை நிறம் என்றுதான் பெயர் வைத்திருந்தது. 1962ல் அதைத் தூக்கிவிட்டு பீச் என்று மாற்றினார்கள், 2020ல் மனிதர்களின் தோல் நிறத்துக்கு என்றே 24 கிரேயான் கொண்ட டப்பாவும் போட்டார்கள். அங்கே பெயர் மாறி அறுபது வருஷம் ஆகிறது, இங்கே நாம் இன்னும் பிள்ளைக்குப் பழசையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அணைக்கட்டு பக்கம் மாமியார் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தோம், பத்து நாள் பாரதம், ராத்திரியில் கூத்து. கூத்துக்காரர் தோளில் கட்டும் புஜக்கட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டையில் செய்து, கண்ணாடித் துண்டும் கலர் காகிதமும் ஒட்டி, பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தாலும் அது மட்டும் அப்படியே மின்னும். என் மகள் தூக்கக் கலக்கத்தில் அதைப் பார்த்து, "அப்பா, துரியோதனனுக்கு ஏன் ரெக்கை இவ்ளோ சின்னதா இருக்கு, பறக்க முடியுமா?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறக்கை என்றால் தும்பி இறக்கைதான் என்று யார் சொன்னது?

கடைக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். ஃபேரி படத்தைக் கண்ணாடி மேல் வைப்பதற்கு முன் இறக்கை இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி மறைத்துவிட்டேன். ஜெராக்ஸில் இறக்கை இல்லாத ஃபேரி வந்தது. ஸ்டூலில் உட்காரும் பிள்ளைகளிடம் கொடுத்து, இதுக்கு ரெக்கை நீயே போடு என்றேன். ஒருத்தி புஜக்கட்டை போட்டாள் (யாரென்று சொல்ல வேண்டியதில்லை). ஒரு பையன் முதுகில் சீலிங் ஃபேன் மாட்டினான், ஸ்விட்ச் எங்கே என்றதற்கு இடுப்பில் காட்டினான். ஒரு பாப்பா ரெண்டு வாழை இலை. இன்னொருத்தி அதே உருவத்தை ஏழு தரம் கேட்டு வாங்கி வரிசையாக ஒட்டி, இவங்க ஏரிக்கரை கன்னிமார், இவங்களுக்கு ரெக்கையே வேண்டாம், நடந்தே வருவாங்க என்று சொல்லிவிட்டாள். அதற்கு நான் என்ன பேச?

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1917ல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் எல்சி, பிரான்சஸ் என்று ரெண்டு பெண்கள், ஒருத்திக்கு 16, இன்னொருத்திக்கு 9 வயது. ஒரு சிறுவர் புத்தகத்தில் இருந்த நடனப் பெண்களின் படத்தைப் பார்த்து வரைந்து, இறக்கையைத் தாங்களே சேர்த்து, வெட்டி, தொப்பி ஊசியால் செடி பக்கம் குத்தி நிறுத்தி, அப்பாவின் கேமராவில் போட்டோ பிடித்துவிட்டார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயிலே நிஜ ஃபேரி என்று நம்பிவிட்டார். காகிதம்தான் என்று 1983ல்தான் ஒப்புக்கொண்டார்கள், கிழவிகளான பிறகு. அடுத்தவர் படத்தை எடுத்து அதில் தன்னுடையதைச் சேர்த்து ஊரையே ஏமாற்றின பிள்ளைகள். கற்பனை கெட்டுப்போச்சு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

கடைக்காரனாகவும் ரெண்டு வார்த்தை. மூன்று நான்கு வயதுக்கு இறக்கைக்குள் இருபது கட்டம் இருக்கும் படத்தை அனுப்பாதீர்கள், அது பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு வரைந்தது; தடிமனான கோடு, பெரிய பெரிய இடம் இருக்கும் படமாகப் பாருங்கள். வாட்டர் கலர் அடிப்பது என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், இங்க்ஜெட்டில் எடுத்த கோடு ஈரம் பட்டால் கரையலாம், ஜெராக்ஸ் டோனர் சூட்டில் உருகி ஒட்டியது, கரையாது. சாதா தாளில் ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும், அடியில் பழைய பேப்பர் வையுங்கள். கிரேயான் டப்பாவை வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் பகலில் மார்க்கெட் போகாதீர்கள். நான் போனேன். பன்னிரண்டு நிறமும் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. என் மகள் அதைக் கட்டியாகவே பிடித்து ஒரே இழுப்பில் இறக்கை அடித்தாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று ஒரு அக்கா வந்தார்கள். இறக்கை இல்லாத ஃபேரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ரெக்கையே வரலியே, இதுக்கு ஒரு ரூபா போட்டுக்கிறீங்களா?"

ரெண்டு ரூபாதான் அக்கா.