கடையை நகர்த்த வேண்டாம், காரை நகர்த்துங்கள்

தீபாவளி நெருங்கினாலே நம்ம மதுரை ஆட்களில் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுகிறார்: "விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க முடியல, இந்த ஜவுளிக்கடையை எல்லாம் ரிங் ரோட்டுக்குக் கொண்டுபோகணும்." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அந்த விளக்குத்தூண் யாருக்காக நிற்கிறது? 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக ஊர்க்காரர்கள் வைத்தது. கோட்டைக்குள் ஊர் நெருக்கியடித்துக் கிடந்தபோது, அவர் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தார். அந்த வேலையில் கூட நின்ற பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. நெரிசலுக்கு அந்த மனிதர் கண்ட வைத்தியம் மதிலை எடுப்பது. கடைக்காரரைக் கிளப்புவது என்று யோசிக்கவில்லை, பாருங்கள்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் தாலிக்குத் தங்கம், விளக்குத்தூணில் முகூர்த்தப் பட்டு, வெங்கலக்கடைத் தெருவில் சீர்ப் பாத்திரம், கீழமாசி வீதியில் மளிகை. எல்லாமே நடக்கிற தூரம். ஒரு கடையில் விலை படியவில்லையா, அடுத்த வாசலில் "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடக் காத்திருக்கிறார்கள். இந்தப் போட்டி இருக்கிற வரைக்கும்தான் வாங்குகிறவருக்கு லாபம். ஏசி போட்ட பெரிய கடையில் பேரம் பேசிப் பாருங்கள், செக்யூரிட்டி கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பத்துத்தூண் சந்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய கல்தூண்கள், அண்ணாந்தால்தான் உச்சி தெரியும். அதன் காலடியில் நைட்டியும் உள்பாவாடையும் தொங்குகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராஜா விட்டுப்போன இடத்தில் யாவாரி பிழைப்பது இந்த ஊரின் பழக்கம். (ஜவுளிக்கு இவ்வளவு பேர்போன இதே ஊரில், மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டார். அந்த இடத்தில் இப்போது கதர் விற்கிறார்கள்.)

சரி, மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபம்? திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டியது. தூணுக்குத் தூண் தையல் மெஷினும் வளையல் கடையும் புத்தகக் கடையுமாக இருந்தது. சித்திரைத் திருவிழா வந்தால், அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கான சல்லடமும் உருமாலும் தண்ணீர் பீய்ச்சுகிற தோப்பரையும் அங்கேதான் தைத்து வாங்க வேண்டும். நாயக்கர் சிலைகளைப் பார்க்க, கடைக்காரர் தொங்கவிட்ட சரக்கை விலக்க வேண்டியிருந்தது. அதனால் கடைகளைக் குன்னத்தூர் சத்திரம் என்கிற மாடிக் கட்டடத்துக்கு மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். அதுவும் கோயிலை விட்டு ரொம்பத் தள்ளி இல்லை. இருந்தாலும் தெருவோரத்தில் கண்ணில் பட்டு விற்ற சரக்கை மாடிக்கு ஏற்றினால், போகிற போக்கில் வாங்குகிற ஆள் படியேறி வருவாரா?

எனக்கு உறுத்துவது சென்ட்ரல் மார்க்கெட் கதை. வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த காய்கறிக் கடைகளை மாட்டுத்தாவணிக்கு அனுப்பினோம். அந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்தம். தக்காளி விற்ற இடத்தைக் காருக்குக் கொடுத்துவிட்டு, நெரிசல் ஏன் குறையவில்லை என்று கேட்கிறோம்! நிறுத்த இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் கார் இன்னும் உள்ளேதானே வரும்?

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி வரக் கூடாது என்று தடுத்தோம், கோயிலுக்குக் கூட்டம் குறைந்ததா என்ன? தீபாவளி நேரத்தில் போலீஸ் வண்டிகளைத் திருப்பி விடுகிற மாதிரி, வருஷம் முழுக்கச் சனி, ஞாயிறு சாயங்காலம் தெற்கு மாசி வீதியிலிருந்து விளக்குத்தூண் வரை செய்யலாம். கீழமாசி வீதிக்கு லாரி இரவில் மட்டும் வரட்டும். வயசானவர்களுக்குப் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து பேட்டரி வண்டி விடலாம். அப்புறம் பெண்களுக்கு ரெண்டு நல்ல கழிப்பறை. ஜவுளி எடுக்க வரும் அக்காக்கள் தண்ணீர் குடிக்காமல் அலைவது எதனால் என்று மாநகராட்சிக்குத் தெரியாதா?