யோவாகிம் பூட்டி வைத்த இசை

வயலின் கலைஞர் யோசெஃப் யோவாகிமைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் வாசித்த பிறர் படைப்புகளைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 1844-இல், பதின்மூன்று வயதுகூட நிறையாத நிலையில், இசையமைப்பாளர் மெண்டல்சன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, லண்டனில் பேத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து இசைக்கும் படைப்பு) வாசித்து, அதுவரை அரிதாகவே மேடையேறிய அந்தப் படைப்புக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தவர் அவர். 1879 புத்தாண்டு நாளில் லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை அரங்கேற்றியவரும் அவரே.

ஆனால் அவர் ஓர் இசையமைப்பாளரும்கூட. இருபதுகளின் வயதில் ஹங்கேரியப் பாணியில் ஒரு கான்செர்ட்டோவை எழுதி பிராம்ஸுக்குக் காணிக்கையாக்கினார். முக்கால் மணி நேரம் நீளும் அது, தேர்ந்த கலைஞர்களையே திணறடிக்கும் அளவுக்குக் கடினமானது. அதனால்தானோ என்னவோ, இன்று மேடைகளில் அதைக் கேட்பது அரிது. அதன் பிறகு அவர் எழுதியது குறைவு. பிராம்ஸை அருகிலிருந்து பார்த்தவருக்குத் தம் எழுத்து போதாததாகத் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம்.

தம் படைப்பின் மீது அவர் காட்டிய அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அதையே இசையமைப்பாளர் ஷூமனின் படைப்பின் மீதும் காட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1853 இலையுதிர்காலத்தில், யோவாகிமை மனத்தில் வைத்தே ஷூமன் ஒரு வயலின் கான்செர்ட்டோவை எழுதினார். சில மாதங்களில் மனநோய் முற்றி ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, 1856-இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அந்தப் படைப்பில் சோர்வின் தடயங்கள் தெரிவதாகக் கருதிய யோவாகிமும், ஷூமனின் மனைவி கிளாராவும் அதை வெளியிடாமல் நிறுத்தினார்கள். 1907-இல் யோவாகிம் இறந்தபின் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்துக்குப் போனது. அரங்கேற்றமோ 1937-இல்தான் நடந்தது. அதையும் நாஜி அரசு தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது தனிக் கொடுமை.

இறுதிப் பகுதி ஓரிடத்திலேயே சுற்றுகிறது என்பதையும், வயலினுக்கு இசைவாக எழுதப்படாத இடங்கள் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் நடுவில் வரும் மெதுவான பகுதியைக் கேட்ட எவரும் அதைப் பூட்டி வைத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்வார்களா? செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கும் தம் வயலின் கான்செர்ட்டோவை யோவாகிமுக்கே காணிக்கையாக்கி, அவர் சொன்ன திருத்தங்களையும் செய்தார். யோவாகிம் அதையும் பொதுமேடையில் வாசிக்கவில்லை. துவோர்ஷாக் உயிரோடிருந்தார், 1883-இல் பிராக் நகரில் வயலின் கலைஞர் ஓந்த்ரிச்செக் அதை அரங்கேற்றினார். ஷூமனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.