குறிகட்டுவானிலேயே ஏற்ற வேண்டியவை

போன மாதம் 25ஆம் திகதி பின்னேரம் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து போன். சம்பளச் சிட்டை எடுக்க முடியவில்லை, பட்டனை அழுத்தினால் பிழை காட்டுகிறது என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியாக அப்டேட் போட்டு மூன்று கிழமை. அன்றிலிருந்து சேர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தேடிப் பார்த்தால், பிழை மூன்று கிழமையாக அங்கேயே இருந்திருக்கிறது. பீடிஎஃப் செய்யும் பைதன் பொதியைப் புதிய சேர்வரில் நிறுவாமல் விட்டிருக்கிறோம். பழைய கோட்டில் அந்தப் பொதியை உள்ளே எடுக்கும் வரி, அதாவது இம்போர்ட், கோப்பின் முதல் வரிகளில் இருந்தது. அங்கேயே விட்டிருந்தால் சேர்வர் தொடங்கும்போதே விழுந்திருக்கும், நாங்களும் நின்ற இடத்திலேயே சரிசெய்திருப்போம். சேர்வர் கெதியாக எழும்ப வேண்டும் என்று நான்தான் அதை, கூப்பிட்டால் மட்டும் ஓடும் ஒரு பங்ஷனுக்குள் இறக்கி வைத்தேன். மாதத்தில் ஒரு நாள் மட்டும் கூப்பிடப்படும் பங்ஷன். அந்த ஒரு நாளில் 40 பேர் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

மொடியூல்களை, அதாவது மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளை, தேவைப்படும்போது ஏற்றுவது நல்ல முறை. பெரிய கோட்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாமல் சரிவராது. எங்கள் மென்பொருளில் கணக்கு, கையிருப்பு, சம்பளம், வரைபடம், அறிக்கை எல்லாம் உண்டு. களஞ்சியத்தில் நிற்பவர் ஒருநாளும் சம்பளப் பக்கத்தைத் திறக்கமாட்டார். வரைபட லைப்ரரியையும் எக்செல் லைப்ரரியையும் அவருடைய போனில் இறக்கிய பிறகுதான் லொகின் பக்கத்தைக் காட்டுவோம் என்றால் அது அநியாயம். இறக்கினால் மட்டும் போதாது, பிரவுசர் அந்த ஜாவாஸ்கிரிப்டைப் படித்து ஓட்டவும் வேண்டும். விலை குறைந்த போன் அதிலேயே களைத்துவிடும்.

வழியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இம்போர்ட்டைப் பங்ஷன் போலக் கூப்பிடும் முறை 2020ஆம் ஆண்டுப் பதிப்போடு ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் 2018இலிருந்து லேஸி, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் வசதி, இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால், கோட்டைக் கோப்புகளாகக் கட்டித் தரும் வெப்பேக் என்ற கருவி அந்த மொடியூலைத் தனிக் கோப்பாக வெட்டித் தந்துவிடும். ஒரு வரி என்பதால்தான் யோசிக்காமல் செய்துவிடுகிறோம்.

ஏற்றுவதைத் தள்ளிவைத்தால் அந்தச் சுமை எங்கேயும் போய்விடாது. வேறொரு நேரத்தில் வேறொருவர் தலையில் இறங்கும். காத்திருப்பும் அப்படித்தான், பிழையும் அப்படித்தான். யார் தலையில், எந்த நேரத்தில் என்று இருந்து யோசித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள். வெப்பேக்குக்கு அது தெரியாது.

எங்கள் மென்பொருளைப் பாவிக்கும் சிலர் நெடுந்தீவுக்குப் போய் வேலை செய்பவர்கள். காலையில் யாழ்ப்பாணத்து அலுவலக வைஃபையில் லொகின் செய்வார்கள். புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகேறி, கடலில் ஒரு மணித்தியாலம் அளவு. தீவில் இறங்கிப் படிவத்தைத் திறக்கும்போது சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிய காரியம். அந்தப் படிவத்தைத்தான் நாங்கள் லேஸி ஆக்கி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் மேசையில் சோதித்தபோது கண் இமைப்பதற்குள் வந்தது. அங்கே சுழன்றுகொண்டே இருந்தது. படகு வெளிக்கிட்ட பிறகு, விட்டுவந்த சாமானுக்காகத் திரும்ப முடியாது என்பது அந்த வழியில் போய்வரும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கோட்டுக்குத்தான் தெரியவில்லை.

இப்போது லொகின் பக்கம் வந்து ஓய்ந்ததும் படிவத்தின் கோப்பைப் பின்னணியில் இறக்கி, சேர்விஸ் வேர்க்கர் என்ற பிரவுசர் வசதி மூலம் போனிலேயே வைத்துவிடுகிறோம். முதல் பக்கம் தாமதிக்கவில்லை, தீவிலும் படிவம் திறக்கிறது. வரைபடம் மட்டும் கேட்டால்தான் வரும்.

வெட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்களோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி எக்செல் பகுதியை அழகாக வெட்டிவிட்டு, பிரதான கோப்பு ஒரு சொட்டும் குறையவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தாள். எல்லா மொடியூலையும் ஒன்றாகச் சேர்த்து வெளியே விடும் ஓர் இன்டெக்ஸ் கோப்பு இருந்தது. யாரோ அதன் வழியாக அதே பகுதியைச் சாதாரண இம்போர்ட்டாகவும் எடுத்திருந்தார்கள். ஓர் இடத்தில் அப்படி இருந்தாலே போதும், வெட்டியது திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய கோட்பேஸில் இந்த இன்டெக்ஸ் கோப்புகளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அப்புறம், புதிய பதிப்பு போடும் நேரம். வெட்டிய கோப்புகளின் பெயர் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும். காலையில் திறந்த டேப்பை ஒருவர் மூடாமல் வைத்திருக்கிறார், மத்தியானம் நாங்கள் பழைய கோப்புகளை அழித்துப் புதியவற்றைப் போடுகிறோம். அவர் பின்னேரம் அறிக்கையை அழுத்தினால் அந்தப் பழைய பெயரில் சேர்வரில் ஒன்றும் இருக்காது. பழைய கோப்புகளைச் சில நாளாவது விட்டுவையுங்கள். இடம் ஒன்றும் அவ்வளவு போகாது.

பைதன்காரர்கள் இதைப் பற்றி வருடக்கணக்காக வாதாடினார்கள். எல்லா இம்போர்ட்டையும் ஒரே சுவிட்சில் சோம்பேறியாக்கலாம், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏற்றலாம் என்ற முன்மொழிவு, பெப் 690, 2022இல் நிராகரிக்கப்பட்டது. எந்த இம்போர்ட் தாமதமாக வரலாம் என்பதை எழுதுபவரே அந்த வரியில் குறிக்கும் பெப் 810, 2025இல் 3.15 பதிப்புக்கென ஏற்கப்பட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. கோட்டை வாசிப்பவருக்கு, இது பிறகுதான் வரும், பிழை வந்தாலும் பிறகுதான் வரும் என்று அந்த வரியே சொல்லிவிடும்.

சம்பளப் பிரச்சினைக்குப் பிறகு நாங்கள் ஒரு சின்ன டெஸ்ட் எழுதினோம். தாமதமாக ஏற்றும் மொடியூல்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் போட்டு, புதிய பதிப்பு போடும் முன் அதே சேர்வரில் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கும். அதற்குச் சில விநாடி போகும், போகட்டும். முதல் தடவை ஓட்டியபோதே இன்னொரு பொதி இல்லையென்று காட்டியது. ஆண்டிறுதிக் கணக்கறிக்கைக்கானது. டிசம்பர் 31 வரைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.