யாரோ வேறு, ஒருத்தர் வேறு

லத்தீன் படிக்க ஆரம்பித்தபோது என்னை அதிகம் படுத்தியது வினைச்சொல் அல்ல, 'யாரோ'தான். ஆங்கில வழி அகராதியைப் புரட்டினால் அலிக்விஸ் என்றாலும் 'சம்ஒன்', க்வீதம் என்றாலும் 'சம்ஒன்'. எதை எங்கே போடுவது என்று பல நாள் விழித்தேன். அப்புறம் அகராதியை மூடிவிட்டுத் தமிழில் யோசித்தேன்.

"யாரோ கதவைத் தட்டுகிறார்கள்." ஆள் யாரென்று தெரியாது. இது அலிக்விஸ். "ஒருத்தர் உங்களைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார்." ஆள் யாரென்று நன்றாகத் தெரியும், பெயரைத்தான் சொல்லமாட்டேன். இது க்வீதம். ஊர்வம்பு முழுக்க இந்த ஒருத்தரை நம்பித்தானே ஓடுகிறது! "யாரும் வரவில்லை" என்பதில் வருகிற யாரும், எதிர்மறையோடு ஒட்டிக்கொள்ளும் க்விஸ்க்வம்.

கி.மு. 35 வாக்கில் வெளிவந்த, லத்தீன் கவிஞர் ஹொராஸின் அங்கதக் கவிதை ஒன்றில், ரோமின் புனித வீதியில் போகும் கவிஞரிடம் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். 'பெயர் மட்டும் தெரிந்த ஒருவன்' என்கிறார் ஹொராஸ். அந்த 'ஒருவன்'தான் க்வீதம். பெயர் தெரியும் என்று அவரே சொல்லிவிட்டு, அட்டையாய் ஒட்டிக்கொண்ட அந்த ஆளின் பெயரைக் கடைசிவரை சொல்லவே இல்லை. 'யாரோ ஒருவன்' என்று மொழிபெயர்த்தால் அந்தக் குறும்பு போய்விடும்.

லூக்காவின் கெட்ட குமாரன் கதையும் லத்தீன் விவிலியத்தில் 'ஹோமோ க்வீதம்' என்றே தொடங்குகிறது. பழைய தமிழ் விவிலியம் "ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்கிறது. அந்த 'ஒரு' போதும்.

பொருளில் 'ஒருத்தர்' என்றாலும், வடிவத்தில் க்வீதம் நம் 'யாரோ' மாதிரி. யாரையோ, யாருக்கோ என்று வேற்றுமை உள்ளே மாற, ஓகாரம் கடைசியில் அசையாமல் நிற்கிறதல்லவா? அங்கே 'தம்' அப்படி நிற்கும். ஆண்பால் க்வீதம், பெண்பால் க்வைதம், 'ஒருத்தருக்கு' என்றால் குயிதம். இரண்டாம் வேற்றுமைதான் எனக்குப் பிடித்தது. 'யாரை' என்னும் க்வெம், கூடவே தம், இரண்டும் சேர்ந்து க்வெந்தம். மகரம் நகரமாகிவிட்டது. 'தினம்', 'தோறும்' சேர்ந்து 'தினந்தோறும்' ஆவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை. என் பாடநூலோ இதைத் தனி விதி என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தது!