90 வீதம் என்று சொன்னவர் எங்கே?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கிழமையாக இங்கே எழுதப்படுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் போதாதாம், விண்ணப்பக் கட்டுரையைக் கவனமாக எழுதவில்லையாம், ஆசை பெரிதாம். திருகோணமலை உவர்மலையில் நடந்த வெளிநாட்டுக் கல்விக் கருத்தரங்கில் அவளை மேடைக்கு அழைத்து, உயர்தரத்தில் அவள் பெற்ற மூன்று ஏ சித்திகளையும் ஒலிவாங்கியில் வாசித்து, “இவருக்கு அமெரிக்காவில் திறமைப் புலமைப்பரிசில் கிடைக்க 90 வீத வாய்ப்பு” என்று அறிவித்தவரைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அன்று கைதட்டியவர்களுள் நானும் ஒருவன்.

எதில் 90 வீதம்? அவர் கொடுத்த பட்டியலின் தலையில் இருந்தவை ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் திறமைக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தேவைக்கேற்பவே உதவுகின்றன. இல்லாத பரிசிலுக்கு 90 வீத வாய்ப்பு! அனுமதியாவது எளிதா என்றால், இம்மூன்றும் விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடச் சேர்ப்பதில்லை.

திறமைக்குப் பணம் கொடுப்பவை வேறு. அலபாமாப் பல்கலைக்கழகம் போன்றவை எந்தப் புள்ளிக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டே வெளியிடுகின்றன. அத்தொகையும் பெரும்பாலும் கற்கைக் கட்டணத்தோடு நின்றுவிடும். “ஹானர்ஸ் கல்லூரியிலும் இடம் நிச்சயம்” என்றார். ஹானர்ஸ் என்றால் சிறிய வகுப்பு, ஆய்வேடு, பாடங்களை முந்திப் பதியும் சலுகை. அது பணமல்ல. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் ஹானர்ஸ் கல்லூரி அதற்கென்று மேலதிகக் கட்டணமே அறவிடுகிறது. எத்தனை முதலாண்டு மாணவருக்குத் திறமைக்காகச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள், வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பல கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் இணையத்தில் இலவசமாகவே இடுகின்றன. கட்டணம் வாங்கியவர் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

நாம் வெட்டுப்புள்ளிக்குப் பழகியவர்கள். இலங்கைப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கு இங்கே தேநீர்க்கடையிலும் தெரியும். பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கப்படும் இசட் புள்ளி சென்ற ஆண்டு எவ்வளவில் வெட்டப்பட்டது என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம் என்பதால், எல்லா வாசல்களிலும் அதே பூட்டுத்தான் என்று நம்பிவிடுகிறோம். அந்த ஊகமும் எத்தனை தரம் பிழைத்திருக்கிறது!

நான் உயர்தரம் எழுதியது இசட் புள்ளிக்கு முந்திய காலம். நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளிதான் கணக்கு. “தம்பிக்கு மெடிசின் நிச்சயம்” என்று அயலிலிருந்த ஒரு பெரியவர் சொல்ல, அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்து, வழியில் கண்ட எல்லோரிடமும் சொன்னார். மூன்று புள்ளிகளால் தவறியது. அதன்பின் பல மாதங்கள் அம்மா பின் ஒழுங்கையால்தான் கோயிலுக்குப் போனார். அந்தப் பெரியவர் பிரதான வீதியால் வழமைபோல நடந்து போய்க்கொண்டிருந்தார். சொன்னவருக்கு அது ஒரு வசனம். எங்கள் வீட்டில் அது ஒரு வருடம்.

“பிள்ளைக்கு நம்பிக்கை கொடுத்தது குற்றமா?” என்று கேட்பீர்கள். நம்பிக்கை கொடுப்பதற்கு எண் எதற்கு? ‘முயன்று பார்’ என்றால் போதாதா? “உங்களுக்குப் பொறாமை” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. 31 வருடம் கணிதம் படிப்பித்த ஒருவன், எத்தனை பேரில் என்ற பகுதி எண்ணே தெரியாத ஒரு வீதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வழியில்லை. “அன்றே எழுந்து கேட்டிருக்கலாமே, மாஸ்டர்?” என்று ஒருவர் உட்பெட்டியில் கேட்டிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்தப் புறப்பட்டிருக்கும் பெரியோர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 90 வீதம் என்ற சொல்லை நம்பி, இங்குள்ள பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தையே அந்த வீட்டில் போடவில்லை. மார்ச் இறுதியில் அமெரிக்காவிலிருந்து மறுப்புக் கடிதங்கள் வந்தபோது இங்கே விண்ணப்பிப்பதற்கான இறுதித் திகதி கடந்துவிட்டிருந்தது. நேற்று மாலை அவளுடைய தாயார் என் வீட்டுக்கு வந்து, மகள் தனியார் பரீட்சார்த்தியாக மறுபடியும் உயர்தரம் எழுதலாமா என்று கேட்டார். கருத்தரங்குக்காரரின் இலக்கத்துக்கு ஆறு தடவை அழைத்துப் பார்த்தாராம். என் முன்னால் ஏழாவது தடவையும் அழைத்தார். மணி அடித்து முடிந்தது.