ஆலோசகர் கேட்கும் கேள்வி எதிரில் இருப்பவரை என்ன செய்கிறது?

மனநல ஆலோசனையில் கேள்விகள் தகவல் திரட்டத்தான் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆனால் ஒருவர் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே, கேட்கப்பட்ட விதம் அவரைக் குற்றவாளியாகவோ நோயாளியாகவோ யோசிக்கத் தெரிந்த மனிதராகவோ நிறுத்திவிடுகிறது. குடிநோய் சிகிச்சையில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

மனைவியோடும் மகளோடும் வந்து அமர்ந்திருப்பவரிடம் "ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், வேலைப்பளு, உடல்வலி, வீட்டில் நிம்மதியின்மை என்று காரணங்களை அடுக்குவார். அவற்றை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, குடிப்பதற்கான நியாயம் அவருக்குள்ளேயே உறுதிப்பட்டுவிடுகிறது. மனைவி மறுத்துப் பேசுவார். பிறகு நடப்பது ஆலோசனை அல்ல, பஞ்சாயத்து.

கனடாவின் கால்கரியைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் டாம், 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் கேள்விகளை அவற்றின் வாக்கிய அமைப்பைக் கொண்டு பிரிக்காமல், கேட்பவரின் நோக்கத்தையும் அனுமானத்தையும் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார். மேலே சொன்னது அவர் கணக்கில் நேர்கோட்டுக் கேள்வி: பிரச்சினைக்கு ஒருவரே காரணம் என்று கருதிக் கேட்பது. "அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் வீட்டில் முதலில் பேச்சை நிறுத்துவது யார்? அதைப் பார்த்து அம்மா என்ன செய்வார்?" என்று மகளிடம் கேட்பது சுழற்சிக் கேள்வி, இத்தாலியின் மிலான் நகரக் குடும்ப சிகிச்சையாளர் குழுவினரிடமிருந்து வந்த முறை. யாரையும் சுட்டாமல் ஒருவர் செயல் இன்னொருவரைத் தொடும் வழியை அது காட்டுவதால், குடிப்பவரும் தம் வீட்டைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. எதிரில் இருப்பவர் தம்மைப் பற்றித் தாமே யோசிக்கத் தூண்டுவது தன்னோக்குக் கேள்வி. எஞ்சிய உத்திக் கேள்விதான் நம் ஊரில் அதிகம் புழங்குகிறது என்பது என் கருத்து. "இனிமேலாவது பிள்ளைகளை நினைத்துப் பார்க்கக் கூடாதா?" என்பதில் கேள்விக்குறி இருக்கிறதே தவிர, அது அறிவுரைதான். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், அடுத்த முறை வரமாட்டார்.

'ஏன்' என்று தொடங்கவே கூடாது என்று கோச்சிங் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். அது விமர்சனமாகத் தொனிக்கும் என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆயினும் விதியாக ஏற்க எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக முன்வைத்து, பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையில், மாற்றம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் கேட்பார்கள். அவர் நான்கு என்றால், "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்கும்போது மாற வேண்டாததற்கான காரணங்களே வரும். "ஏன் ஒன்று என்று சொல்லாமல் நான்கு என்றீர்கள்?" என்று கேட்டாலோ, குடியை விட வேண்டியதற்கான காரணங்களை அவர் தம் வாயாலேயே சொல்லத் தொடங்குவார். இரண்டிலும் இருப்பது அதே 'ஏன்'தான்.

விரிவாகப் பதில் சொல்ல இடம் தரும் திறந்த கேள்வியே ஆனாலும் அடுத்தடுத்து வந்தால் விசாரணையாகிவிடும். அதனால்தான் அதே முறையில் தேர்ச்சியை மதிப்பிடுகையில், ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது, எதிரில் இருப்பவர் சொன்னதைப் புரிந்துகொண்டு ஆலோசகர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். 'வலிமையான நூறு கேள்விகள்' என்று பட்டியல் விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் சிகிச்சையாளர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய அற்புதக் கேள்வி (இன்றிரவு தூங்கும்போது பிரச்சினை தீர்ந்துவிட்டால், காலையில் அதை எதை வைத்து அறிவீர்கள்?) தேங்கி நிற்பவருக்கு வழி திறக்கக்கூடும், பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வாரமே ஆன தாயிடம் கேட்டால் அது கொடுமை.

ஆம், இல்லை என்று பதில் வரும் மூடிய கேள்விகளையும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனாலும் "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்றுதான் பலரும் கேட்கிறோம், 'இல்லை' என்ற பதிலை நாம் வேண்டுவது அதிலேயே தெரிந்துவிடுவதால், அவரும் அதையே தந்துவிடுகிறார். "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று அமைதியாக, நேரடியாகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அடுத்தவையும் அதே போல் நேரடியாகவே இருக்க வேண்டும்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இன்றிரவு உடன் இருக்கப்போவது யார்.