நுரையீரல் கட்டியின் அளவு மாறினால் அது புற்றுநோயா, ஏமாற்றா?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார வாட்ஸ்அப் குழுக்களில், "இரண்டு சிடி ஸ்கேன்களில் நுரையீரல் கட்டியின் அளவு வேறுபட்டால், புற்று வளர்கிறது அல்லது ஸ்கேன் மையம் ஏமாற்றுகிறது" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அமைதியாக மூச்சு விடும்போதே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் நகர்வதால், அதையொட்டிய நுரையீரலின் கீழ்ப்பகுதியில் உள்ள சிறுகட்டி, படம் பதிவாகும் வேளையில் அசைந்து, விளிம்பு கலங்கியோ, நீண்டோ, இரட்டையாகவோ தெரியலாம். மிகச் சிறியதாயின் பார்வைக்குத் தப்பவும் கூடும். மேற்பகுதியில் இந்த அசைவு குறைவு. மூச்சை முழுதாக இழுத்து அடக்கச் சொல்வது இதற்காகவே. இன்றைய கருவிகளில் அது சில நொடி வேலைதான். ஒருமுறை ஆழமாகவும் மறுமுறை அரைகுறையாகவும் இழுத்தாலே அளவு சற்று மாறிவிடும். இதுபோன்ற அளவீட்டு வேறுபாடுகளைக் கருதியே, நெஞ்சுப் படப் பரிசோதனை வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது 2 மில்லிமீட்டர் மாற்றம் இருந்தால்தான் அதை வளர்ச்சி எனக் கொள்கிறது.

உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் கட்டியில் சேர்வதை ஒளிர்வாகக் காட்டும் பெட் ஸ்கேன் வேறு வகை. அது பல நிமிடம் நீடிப்பதால் நோயாளி இயல்பாக மூச்சு விட்டபடியே படுத்திருக்கிறார். அதனால் கட்டியின் ஒளிர்வு பரவி, உண்மையைவிட மங்கலாகத் தெரிவதுண்டு.

இதற்காக எல்லா மாற்றத்தையும் மூச்சின் மீது சுமத்திவிடவும் முடியாது. அடுத்த பரிசோதனைக்குச் செல்வோர், அறிக்கைத் தாளை மட்டுமன்றி, பழைய படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கதிரியக்க மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.